காழியின் பையிலிருந்து கணிப்பொறி வரை: வணிக நீதிமன்றச் சீர்திருத்தம் – ஒரு வரலாற்றுப் பார்வை

ஹிஜ்ரி 1441 ஷஅபான் மாதத்தில், அதாவது 2020 ஏப்ரலில், சஊதி அரேபியாவில் வணிக நீதிமன்றச் சட்டம் அரசாணை வாயிலாக வெளியிடப்பட்டது. வழக்குத் தொடுப்பது முதல் தீர்ப்பு நகல் பெறுவது வரை நீதிமன்ற நடைமுறைகளை மின்னணு வழியில் நடத்த அச்சட்டம் இடமளித்தது. இத்தகைய சீர்திருத்தங்களைப் பற்றிப் பேசுவோர் எந்த நாட்டவராயினும் மூன்று சொற்களைத் தவறாமல் குறிப்பிடுவர். ஒன்று தானியக்கம், மற்றொன்று வெளிப்படைத்தன்மை, மூன்றாவது பணியாளர் பயிற்சி. இம்மூன்றும் மேற்குலகம் அண்மையில் கண்டறிந்து நமக்கு அளித்த கொடைகள் என்று கருதுவோர் நம்மிடையே உள்ளனர். இவையெல்லாம் நம் முன்னோரிடம் முழுமையாக இருந்தன, புதிதாக ஒன்றும் தேவையில்லை என்று பெருமை பேசி அமைதி அடைவோரும் உள்ளனர்.

இவ்விரு கருத்துகளும் வரலாற்றோடு பொருந்தவில்லை. பதிவேடு, திறந்த அவை, கற்றறிந்த பணியாளர் என்னும் மூன்றையும் இஸ்லாமிய நீதித்துறை தொடக்க நூற்றாண்டுகளிலேயே அறிந்திருந்தது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முஸ்லிம் நாடுகளின் பெரும் துறைமுக நகரங்களில் வணிக வழக்குகள் காழியின் அவையை விட்டு வெளியேறி வேறு மன்றங்களைத் தேடிச் சென்றன. அறிந்திருந்தும் ஏன் இழந்தோம்? இக்கேள்விக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்தும் சாட்சியும்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், எழுத மறுக்கக் கூடாது, கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது என்றெல்லாம் அது விரித்துரைக்கிறது. அதே வசனம் கைக்குக் கை உடனே முடிந்துவிடும் வணிகத்தை எழுதாமல் விடுவதில் குற்றமில்லை என்றும் விலக்களிக்கிறது. அடுத்த வசனமோ, பயணத்தில் எழுத்தர் கிடைக்காத நிலையில் அடைமானம் பெற்றுக்கொள்ள வழி காட்டுகிறது. வணிகத்திற்கு உறுதிப்பாடும் வேண்டும், விரைவும் வேண்டும் என்னும் இரு தேவைகளையும் இவ்வசனங்கள் ஒருங்கே கருதியுள்ளமை நோக்கத்தக்கது. இன்றைய வணிக நீதிமன்றச் சட்டங்கள் அனைத்தும் இவ்விரு தேவைகளுக்கிடையே சமநிலை காணவே முயல்கின்றன.

நீதிமன்றப் பதிவேடு பிறந்த வரலாறு சுவையானது. எகிப்தின் ஆளுநர்களையும் காழிகளையும் பற்றி நூல் எழுதிய வரலாற்றாசிரியர் அல்கிந்தீ (இறப்பு ஹி. 350 / கி.பி. 961) இதனைப் பதிவு செய்துள்ளார். முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் எகிப்தின் காழியாக இருந்தவர் சுலைம் இப்னு இத்ர் அத்துஜீபீ. அவரிடம் ஒரு வாரிசுரிமை வழக்கு வந்தது. அவர் தீர்ப்பளித்தார். வாரிசுகளோ பின்னர் அத்தீர்ப்பை மறுத்துத் தமக்குள் பிணங்கி மீண்டும் அவரிடமே வந்து நின்றனர். மறுமுறை தீர்ப்பளித்த சுலைம், இம்முறை அதனை எழுத்தில் வடித்துப் படையின் மூத்தோரை அதற்குச் சாட்சிகளாக்கினார். எகிப்தில் தம் தீர்ப்பை முதன்முதலில் பதிவு செய்த காழி அவரே என்கிறார் அல்கிந்தீ.

இந்நிகழ்ச்சியில் ஒரு நுட்பம் உண்டு. சுலைம் பதிவேட்டைக் கண்டது அரசு ஆணையாலோ ஏட்டுக் கல்வியாலோ அன்று. சொல்லப்பட்ட தீர்ப்பு மறுக்கப்பட்டது. அதனால் எழுதப்பட்ட தீர்ப்பு தேவைப்பட்டது. எழுதப்பட்டதும் தனித்து நிற்கவில்லை. அதைக் கண்டறிந்த சாட்சிகள் உடன் நின்றனர். பின்வந்த காழிகள் இம்முறையை வளர்த்தெடுத்தனர். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் காழியாக இருந்த அல்முஃபழ்ழல் இப்னு ஃபழாலா சாட்சிகளின் நம்பகத்தன்மையை விசாரிப்பதற்கெனத் தனி அலுவலர் ஒருவரை அமர்த்தினார். அந்நூற்றாண்டின் இறுதியில் காழியாயிருந்த அல்உமரீ நம்பத்தகுந்த சாட்சிகளின் பெயர்களைப் பட்டியலாகவே எழுதி வைத்தார். தீர்ப்பையும் ஆவணத்தையும் இரு படிகளாக எழுதி, ஒன்றை வழக்காடியிடம் கொடுத்து மற்றொன்றைக் காழியின் தீவானில் பாதுகாக்கும் வழக்கமும் நிலைபெற்றது. ஒரு படியில் கை வைத்தால் மறு படி காட்டிக்கொடுத்துவிடும்.

ஹிதாயா காட்டும் பை

நம் அரபுக் கல்லூரிகளில் ஹிதாயா ஓதும் மாணவர்கள் ‘அதபுல் காழீ’ என்னும் பகுதிக்கு வந்ததும் சற்று விரைந்து செல்வதுண்டு. தொழுகை, திருமணம், வணிகம் ஆகிய பாடங்களைப் போல இது அன்றாடம் பயன்படாது என்று அவர்கள் எண்ணுகின்றனர். ஆனால் இமாம் மர்ஙீனானீ (இறப்பு ஹி. 593 / கி.பி. 1197) அவ்விடத்தில் எழுதியிருப்பவற்றை இன்றைய நீதிமன்ற நிர்வாகத்தோடு ஒப்பிட்டு நோக்கினால் வியப்பு மேலிடும்.

புதிதாகப் பதவியேற்கும் காழி முதலில் என்ன செய்ய வேண்டும்? முந்தைய காழியின் தீவானைக் கேட்டுப் பெற வேண்டும். தீவான் என்பது சிஜில்களும் பிற ஆவணங்களும் வைக்கப்பட்ட பைகளாகும். அவற்றைப் பெற்றுவர நம்பிக்கைக்குரிய இருவரை அனுப்ப வேண்டும். அவ்விருவரும் பதவி விலகியவரின் முன்னிலையிலோ அவருடைய பிரதிநிதியின் முன்னிலையிலோ ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து பெற வேண்டும். ஒவ்வொரு வகை ஆவணத்தையும் தனித்தனிப் பையில் இட வேண்டும். புதியவருக்குக் குழப்பம் நேரக்கூடாது என்பதே காரணம்.

அடுத்து ஒரு வினா எழுகிறது. முந்தைய காழி அந்தத் தாள்களைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால்? வழக்காடிகளே தாள் கொண்டுவந்து கொடுத்திருந்தால்? பைத்துல்மால் செலவில் வாங்கப்பட்டிருந்தால்? மூன்று நிலைகளிலும் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்பது ஹிதாயாவின் முடிவு. தாள் யாருடையதாயினும் அது அவர் கையில் இருந்தது நீதிப் பணியின் பொருட்டே. பணி இன்னொருவருக்கு மாறியதும் தாளும் மாற வேண்டும். ஆவணத்தின் உரிமை வேறு, ஆவணத்தின் நோக்கம் வேறு என்று பிரித்தறிந்த இந்தச் சட்ட நுட்பத்தை வாசகர்கள் நினைவில் இருத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். இக்கட்டுரையின் இறுதியில் இது நமக்குத் தேவைப்படும்.

காழி எங்கே அமர வேண்டும் என்பதையும் ஹிதாயா பேசுகிறது. அவர் பள்ளிவாசலில் வெளிப்படையாக அமர வேண்டும். வெளியூராரும் உள்ளூராரில் சிலரும் அவரது இடம் தெரியாமல் அலைந்துவிடக் கூடாது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) பள்ளிவாசலில் நீதி அவை கூட்டுவதை விரும்பவில்லை. பள்ளிக்குள் வர இயலாத நிலையில் உள்ளோரும் முஸ்லிமல்லாதோரும் வழக்கோடு வருவர் என்பது அவர் கூறும் காரணங்களுள் ஒன்று. கருத்து வேறுபாடு இடத்தைப் பற்றியதே. அயலான் ஒருவன் வழி கேட்டு வந்தால் அவனுக்கு நீதியின் வாசல் தெரிய வேண்டும் என்னும் அக்கறை இரு சாராருக்கும் பொது. சரக்கோடு வந்திறங்கும் வெளியூர் வணிகனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு ஏது?

பணியாளர் குறித்தும் ஃபிக்ஹு நூல்கள் வாளாவிருக்கவில்லை. இமாம் காஸானீ (இறப்பு ஹி. 587 / கி.பி. 1191) தம் பதாயிஉஸ் ஸனாயிஉ நூலில் காழியின் எழுத்தர் நல்லொழுக்கமும் ஃபிக்ஹு அறிவும் உடையவராக இருத்தல் வேண்டும் என்கிறார். அத்துடன், அவர் எழுதுவதும் செய்வதும் காழியின் கண்ணில் படும்படியான இடத்தில் அவரை அமர்த்த வேண்டும் என்றும் கூறுகிறார். எழுத்தர் நல்லவரே; எனினும் கண்காணிப்பு வேண்டும். தனிமனித நல்லொழுக்கத்தை நம்பியும், அதை மட்டுமே நம்பி இராமலும் அமைந்த ஏற்பாடு இது.

வணிகர் விலகிச் சென்றமை

இத்துணைச் சிறந்த அடித்தளம் இருந்தும் வணிகர் ஏன் விலகினர்? காரணங்களுள் இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, எழுத்தாவணத்தின் தகுதி. ஒருவர் கையெழுத்து மற்றொருவர் கையெழுத்தை ஒத்திருக்கக் கூடும், முத்திரையும் போலியாகலாம், ஆகவே நீதிமிக்க இரு சாட்சிகளின் வாய்மொழியே அடிப்படைச் சான்று, எழுத்து அதற்குத் துணை என்பதே ஃபுகஹாக்களின் பொதுவான நிலை. ஒருவரை ஒருவர் அறிந்த ஊரில் இது மிகச் சிறந்த பாதுகாப்பு. ஆனால் இஸ்தான்பூலில் எழுதப்பட்ட உண்டியல் சீட்டுக்கு இஸ்கந்தரிய்யாவில் பணம் கோரப்படும்போது, எழுதியதைக் கண்ட இரு சாட்சிகளை எங்கே தேடுவது? வணிகம் விரிய விரிய இச்சிக்கலும் விரிந்தது.

நம் அறிஞர்கள் இதனை உணராமல் இல்லை. வணிகர், தரகர், நாணய மாற்றுவோர் ஆகியோரின் கணக்கேடுகள் அவர்களுக்கு எதிராக ஆதாரமாகக் கொள்ளத்தக்கவை என்று பிற்கால ஹனஃபி அறிஞர்கள் வழக்காற்றை அடிப்படையாக வைத்து ஏற்றனர். எந்த வணிகனும் தன் ஏட்டில் விளையாட்டாகத் தன்மேல் கடன் எழுதிக்கொள்ள மாட்டான் என்பது அவர்களது வாதம். திமிஷ்கின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு ஹி. 1252 / கி.பி. 1836) இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். விடை இருந்தது, ஆனால் அது பெருநூல்களின் உட்பிரிவுகளில் சிதறிக் கிடந்தது. கப்பல் புறப்படும் முன் தீர்ப்பு தேடும் வணிகனுக்கு அது எட்டவில்லை.

இரண்டாவது காரணம் பணியாளர் நிலை. உஸ்மானியப் பேரரசின் பிற்காலத்தில் காழிப் பதவிகள் குறுகிய காலத்திற்கே வழங்கப்பட்டன. பதவி பெற்ற பலர் தலைநகரிலேயே தங்கிவிட்டு, ஊர்களுக்கு நாயிப்களை, அதாவது பதிலாட்களை, அனுப்பினர். அவர்களுடைய வருவாய் வழக்காடிகள் செலுத்தும் கட்டணத்தையே பெரிதும் சார்ந்திருந்தது. குறுகிய காலத்திற்குள் செலவிட்டதை ஈட்ட முனையும் நாயிபின் கையில் சிஜில் எவ்வளவு சிறப்பாக எழுதப்பட்டிருந்தாலும் மக்களின் நம்பிக்கை குன்றவே செய்யும். பதிவேடு செம்மையாக இருந்தும் மன்றம் தளர்ந்தது என்றால், குறை ஏட்டில் இல்லை, ஏட்டை ஏந்திய கையில் இருந்தது என்பதே பொருள்.

1838இல் பிரித்தானியாவுடன் செய்துகொண்ட வணிக உடன்படிக்கைக்குப் பின் உஸ்மானியத் துறைமுகங்களில் அயல்நாட்டு வணிகம் பெருகிற்று. 1839இல் தன்ஸீமாத் எனப்படும் சீர்திருத்தக் காலம் தொடங்கியது. அடுத்து வந்த பத்தாண்டுகளில் வணிகரே உறுப்பினராக அமரும் தனி வணிக மன்றங்கள் தோன்றின. அயல்நாட்டார் சம்பந்தப்பட்ட வழக்குகளில் அயல்நாட்டு உறுப்பினரும் அமர்ந்தனர். 1850இல் பிரான்ஸின் 1807ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தைத் தழுவிய உஸ்மானிய வணிகச் சட்டம் வெளிவந்தது. 1860இல் வணிக நீதிமன்றங்களின் அமைப்புக்கும் 1861இல் அவற்றின் நடைமுறைக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. வணிகர் காலங்காலமாகக் காழியிடம் கொண்டுசென்ற வழக்குகள் இவ்வாறு வேறு வாசல் வழியே சென்றன.

எகிப்தில் நிலைமை இன்னும் கடுமை. 1876இல் அங்குச் செயல்படத் தொடங்கிய கலப்பு நீதிமன்றங்களில் அயல்நாட்டு நீதிபதிகள் அமர்ந்தனர். பிரெஞ்சு மொழியே அங்கு ஓங்கி ஒலித்தது. அந்த மன்றங்கள் முற்றாக மூடப்பட்டது 1949இல். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் எகிப்திய வணிகன் அயலானோடு தனக்குள்ள வழக்கைத் தன் மண்ணிலேயே அயல்மொழியில் நடத்த வேண்டியிருந்தது.

மஜல்லா: காலம் கடந்து வந்த நன்முயற்சி

இந்தச் சூழலில்தான் அஹ்மத் ஜவ்தத் பாஷா (1822–1895) என்னும் பேரறிஞரின் முயற்சி முக்கியத்துவம் பெறுகிறது. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தையே மொழிபெயர்த்து நடைமுறைப்படுத்திவிடலாம் என்று அரசின் உயர்மட்டத்திலேயே கருத்து எழுந்தபோது, ஹனஃபி ஃபிக்ஹிலிருந்தே தெளிவான சட்டத்தொகுப்பை உருவாக்க முடியும் என்று அவர் வாதிட்டார். அவர் தலைமையில் அமைந்த அறிஞர் குழு 1869 முதல் 1876 வரை உழைத்து, 16 நூல்களும் 1851 விதிகளும் கொண்ட ‘மஜல்லத்துல் அஹ்காமில் அத்லிய்யா’வை வெளியிட்டது.

இதன் விதிகளில் நாம் மேலே கண்ட மூன்று தேவைகளும் இடம்பெற்றிருப்பதைக் காணலாம். முதலில் பதிவு: வணிகரின் முறையான கணக்கேட்டுப் பதிவுகளை எழுத்து வழி ஒப்புதலாகக் கொள்கிறது 1608ஆம் விதி. போலி, புனைவு என்னும் ஐயத்திற்கு இடமில்லாத எழுத்தையும் முத்திரையையும் ஏற்கிறது 1736ஆம் விதி. சூழ்ச்சிக்கும் கேட்டுக்கும் இடமின்றிப் பேணப்பட்ட நீதிமன்றப் பதிவேட்டின்படி செயல்படலாம் என்கிறது 1738ஆம் விதி. அத்தகைய பதிவேட்டை நீதிமன்றத்தில் பேணிக் காத்து, பதவி நீங்கும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கும் கடமையை 1814ஆம் விதி வரையறுக்கிறது. ஹிதாயாவின் பை இங்கே சட்ட விதியாக வடிவம் பெற்றுவிட்டது.

அடுத்து வெளிப்படை: வழக்கு விசாரணை பகிரங்கமாக நடைபெற வேண்டும் என்கிறது 1815ஆம் விதி; ஆனால் தீர்ப்பு எவ்வாறு அமையும் என்பதைத் தீர்ப்புக்கு முன் வெளியிடக் கூடாது என்றும் உடன் சேர்க்கிறது. வெளிப்படைத்தன்மைக்கும் எல்லை உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூற இயலாது. வழக்காடிகளின் அன்பளிப்பையும் விருந்தையும் ஏற்கக் கூடாது, ஒருவர் மேன்மக்களாயினும் மற்றவர் எளியவராயினும் இருக்கையிலும் பார்வையிலும் பேச்சிலும் இருவரையும் சமமாக நடத்த வேண்டும் என்பன 1796 முதல் 1799 வரையிலான விதிகளின் சாரம்.

மூன்றாவது தகுதி: அறிவும் நேர்மையும் நம்பகமும் உறுதியும் உடையவராக நீதிபதி இருத்தல் வேண்டும் என்பதை 1792ஆம் விதியும், ஃபிக்ஹிலும் வழக்கு நடைமுறையிலும் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும் என்பதை 1793ஆம் விதியும் கூறுகின்றன. இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. நாயிப்களைப் பயிற்றுவிப்பதற்கென 1850களின் நடுவிலேயே இஸ்தான்பூலில் ஒரு கல்விக்கூடம் திறக்கப்பட்டிருந்தது. 1880இல் சட்டக் கல்லூரியும் தொடங்கியது. கெய்ரோவில் ஷரீஅத் நீதிபதிகளுக்கான கல்லூரி 1907இல் உருவாயிற்று.

இருப்பினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. மஜல்லாவின் முதல் நூல் வெளிவந்த 1869க்கு 19 ஆண்டுகள் முன்னரே பிரெஞ்சு வழிப்பட்ட வணிகச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நடைமுறைச் சட்டமும் 8 ஆண்டுகள் முந்திவிட்டது. வணிகரின் ஏட்டை நம்பலாம் என்று இப்னு ஆபிதீன் எழுதியதும் மஜல்லாவின் 1608ஆம் விதி கூறுவதும் ஒன்றே. ஆனால் அறிஞரின் நூலில் இருந்த விடை அரசின் சட்டமாக மாறுவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. அந்த இடைவெளியில்தான் வணிகர் விலகிச் சென்றனர். நம் கேள்விக்கு வரலாறு தரும் விடை இதுவே: கருத்து இல்லாமையால் நாம் இழக்கவில்லை, கருத்தை உரிய காலத்தில் அமைப்பாக்காமையால் இழந்தோம்.

ஹிஜாஸிலிருந்து இணையம் வரை

இந்த வரலாற்றின் பிற்பகுதி அரபுத் தீபகற்பத்தில் தொடர்கிறது. 1931இல் (ஹி. 1350) சஊதி அரசு 633 விதிகளைக் கொண்ட வணிக நீதிமன்றச் சட்டத்தை வெளியிட்டது. உஸ்மானிய வணிகச் சட்டத்தைப் பின்பற்றி, வட்டி தொடர்பானவற்றை நீக்கி அமைக்கப்பட்டது அது. பாரிஸிலிருந்து இஸ்தான்பூலுக்குச் சென்ற சட்டம் ஜித்தாவுக்கு வந்து சேர்ந்தபோது அடைந்த மாற்றம் இது. ஆனால் அந்த வணிக நீதிமன்றம் 1955இல் கலைக்கப்பட்டது. வழக்குகள் வணிக அமைச்சகத்தின் குழுக்களிடம் சென்றன. 1987இல் அவை தீவானுல் மழாலிம் எனப்படும் முறையீட்டு மன்றத்திற்கு மாற்றப்பட்டன. 2007ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் தனி வணிக நீதிமன்றங்களுக்கு வழிவகுத்தது. 2017இல் அவை செயல்படத் தொடங்கின. நீதிமன்றம் கலைக்கப்பட்டதிலிருந்து மீண்டும் தனி வணிக நீதிமன்றம் காண 62 ஆண்டுகள் ஆயின.

2020ஆம் ஆண்டின் சட்டம் இந்தத் தொடர்ச்சியின் ஓர் உச்சம். அவ்வாண்டு பெருந்தொற்று பரவிய வேளையில் தொலைவிலிருந்தே வழக்கு நடத்தும் முறையும் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் வெளியான சாட்சியச் சட்டம் மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்று விதிகள் வகுத்தது. 2023இல் உரிமையியல் பரிவர்த்தனைச் சட்டமும் வெளிவந்தது. இரு சாட்சிகளின் வாய்மொழி, வணிகரின் கணக்கேடு, மின்னணுப் பதிவு என்று சான்றின் வடிவம் மாறி வந்துள்ளது. ‘போலி, புனைவு என்னும் ஐயத்திற்கு இடமின்மை’ என்னும் பழைய அளவுகோல் மட்டும் மாறவில்லை.

நம் நாட்டிலும் 2015இல் வணிக நீதிமன்றங்கள் சட்டம் இயற்றப்பட்டது. வழக்குகளின் எண்ணிக்கை, நிலுவை, முடிவு ஆகிய விவரங்களை மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று அதன் 17ஆம் பிரிவு கூறுகிறது. நீதிபதிகளுக்குப் பயிற்சி அளிக்கும் வசதிகளைப் பற்றி 20ஆம் பிரிவு பேசுகிறது. அவசர நிவாரணம் கோராத வழக்குகளில் முதலில் சமரசம் நாட வேண்டும் என்னும் விதி 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக அறியப்படும் மடலில், ஹலாலை ஹராமாக்காத, ஹராமை ஹலாலாக்காத சமரசம் செல்லும் என்று கூறப்பட்டிருப்பதை நினைவுகூர்ந்தால் இவ்விதி நமக்கு அயலாகத் தோன்றாது.

இயந்திரம் செய்வதும் செய்யாததும்

தானியக்கத்தால் விளையும் நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. வழக்கு மனு இணையவழியில் பதிவாகும்போது அதன் நாளும் நேரமும் தாமே பதிவாகின்றன. எழுத்தர் ஒரு கோப்பை அடியில் தள்ளி மற்றொன்றை மேலே எடுக்க இயலாது. வழக்குகள் தானே பகிர்ந்தளிக்கப்படும் இடங்களில் வழக்காடி தனக்கு உகந்த நீதிபதியைத் தேர்ந்தெடுக்கவும் இயலாது. திருத்தம் செய்தவர் யார், எப்போது செய்தார் என்பதும் பதிவாகிறது. எழுத்தர் எழுதுவது காழியின் கண்ணில் பட வேண்டும் என்று காஸானீ விரும்பியதை இன்றைய கணிப்பொறி ஓய்வின்றிச் செய்கிறது.

ஆயினும் உஸ்மானிய நாயிபின் கதை நமக்கு ஓர் எச்சரிக்கை. சிஜில் அன்றைய காலத்தின் சிறந்த கருவி. அதை வைத்திருந்த மனிதர் தளர்ந்தபோது கருவியால் மன்றத்தைக் காக்க முடியவில்லை. கணிப்பொறித் திரையில் தோன்றும் படிவத்தைப் புரிந்துகொள்ளாத எழுத்தர், புரியாத வழக்காடிக்கு உதவ மனமற்ற அலுவலர், கணக்கியலே அறியாது கணக்கு வழக்கைத் தீர்க்க அமரும் நீதிபதி ஆகியோர் கையில் தானியக்கம் பிழையை விரைவுபடுத்தவே பயன்படும். சிறு வணிகன் ஒருவன் பள்ளிவாசலில் அமர்ந்த காழியை நேரில் கண்டு தன் குறையைச் சொல்ல முடிந்தது. இன்று கடவுச்சொல் தெரியாத முதியவனுக்கு இணைய நீதிமன்றத்தின் வாசல் எங்கே என்று காட்டுவது யார்? வெளியூரானுக்கும் நீதியின் இடம் தெரிய வேண்டும் என்ற ஹிதாயாவின் அக்கறை இவ்வடிவில் மீண்டும் எழுகிறது. பணியாளர் பயிற்சி என்பது கணிப்பொறியை இயக்கும் பயிற்சியோடு முடிந்துவிடலாகாது என்று நாம் கூறுவது இதனால்தான்.

வெளிப்படைத்தன்மையிலும் நிதானம் தேவை. தீர்ப்பும் அதன் காரணமும் ஊரறிய வேண்டும்; அப்போதுதான் அடுத்த வணிகன் தன் ஒப்பந்தத்தை அறிந்து எழுதுவான். ஆனால் வணிக இரகசியமும், நேர்மையாக நட்டமடைந்தவனின் மானமும் சந்தைக்கு வர வேண்டியதில்லை. எதைத் திறப்பது, எதை மூடுவது என்று பகுத்தறிவதும் பயிற்சி பெற்ற மனிதரின் வேலையே.

இறுதியாக, ஹிதாயா எழுப்பிய அந்தத் தாள் வினாவுக்கு வருவோம். இன்று நீதிமன்ற மென்பொருளை ஒரு நிறுவனம் எழுதுகிறது. பதிவுகள் இன்னொரு நிறுவனத்தின் கிடங்கில் இருக்கக்கூடும். நீதிமன்றச் சேவைகளில் தனியார் துறையின் உதவியைப் பெறச் சஊதியின் 2020ஆம் ஆண்டுச் சட்டமும் இடமளிக்கிறது. ஒப்பந்தம் முடிந்து அந்நிறுவனம் விலகும் நாளில் பதிவுகளின் கதி என்ன? மென்பொருள் எங்களுடையது, கிடங்கு எங்களுடையது என்று அது கூறினால் வழக்காடியின் உரிமைக்குக் காவல் யார்? தாள் காழியின் சொந்தப் பணத்தில் வாங்கியதாயினும் ஒப்படைத்தே ஆக வேண்டும். அது நீதிப் பணியின் பொருட்டு அவர் கையில் இருந்த அமானிதம் என்று எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் நூல் முடிவு கூறிவிட்டது. இம்முடிவை இக்காலத்தின் ஒப்பந்த மொழியில் விதியாக எழுதித் தருவது ஃபிக்ஹும் சட்டமும் ஒருங்கே கற்றோரின் கடமை. இப்னு ஆபிதீனின் விடை சட்டமாவதற்குள் ஒரு தலைமுறை கடந்தது போல இம்முறையும் காலம் கடத்தினால், அந்த விதியை வேறு எவரோ தம் நலனுக்கேற்ப எழுதிக்கொள்வர். ‘அதபுல் காழீ’ பாடத்தை நம் மாணவர்கள் இனி விரைந்து கடந்து செல்லலாகாது என்று நாம் வற்புறுத்துவதும் இதன் பொருட்டே.